நாலாவது சுற்று

"செருப்பக் கழட்டுத்தா! ஐயாவ சுத்தி வரப்போறே, செருப்போடயா?" என்று சிவசாமி சத்தம் போட்டார். அவர் செத்துப்போன தங்கமுத்துவின் பங்காளி. சாவு வீட்டு முறைகளை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மருமகள் சத்யா, மகள் சுடர்விழியின் கையை விடவில்லை. "இவ வேணாம் சின்ன மாமா. மத்த பிள்ளைக பிடிக்கட்டும்."

"பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்காம பாடையத் தூக்கச் சொல்றியா? நல்லா இருக்கே!"

சுடர்விழிக்குப் பதின்மூன்று வயது. சின்னதிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. அவள் வளர வளர வித்தியாசமும் வளர்ந்து ஓர் அங்குலத்துக்கு வந்துவிட்டது. வளர்த்தி நிற்பதற்குள் செய்தாக வேண்டும் என்று திருச்சி டாக்டர் நீளமான வலது காலின் முட்டியில் சின்னத் தகடு வைத்தார். வலது கால் மெதுவாக வளரும், அதற்குள் இடது வந்து சேர்ந்துகொள்ளும் என்றார். சத்யாவின் புருஷன் கண்ணன் அப்போது துபாயில் இருந்தான். கையெழுத்துப் போட்டது சத்யாதான்.

ஊர் சும்மா இருக்குமா? குட்டைக் காலை விட்டுவிட்டு நல்ல காலை அறுத்த மகராசி என்று பேசியது. மாமனார் தங்கமுத்து அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்தினார். படுக்கையில் விழுந்த பத்து மாதமும் கஞ்சி ஊற்றியதும் துடைத்துவிட்டதும் அவள்தான். ஆனாலும் ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூடப் பேத்தியைத்தான் கூப்பிடுவார். அந்தப் பத்து மாதம் திருச்சிக்குப் போகவே முடியவில்லை. குட்டைக் காலுக்கு ஈடாக இடது செருப்பில் ஒட்டிய ஓர் அங்குல ரப்பர் அப்படியே இருந்தது. வீட்டுக்குள்கூட அதைக் கழற்ற சத்யா விட்டதில்லை. அப்படியும் பிள்ளை விந்தி விந்தித்தான் நடந்தாள். கிழவர் நினைத்ததுதான் சரியோ என்று சத்யாவுக்குத் தோன்றும். இன்றைக்குச் சொந்தபந்தம் மொத்தமும் கூடி நிற்கிறது. இத்தனை பேர் முன்னால் வெறுங்காலோடு எப்படி விடுவாள்?

"விடும்மா. நான் ஐயாவுக்குப் பிடிக்கணும்."

சுடர்விழி கையை உருவிக்கொண்டு செருப்பை உதறினாள். பந்தம் கைக்கு வந்தது, கொட்டு முழங்கியது, தெருவில் வெடி வெடித்தது. முதல் சுற்று முழுக்க சத்யா தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.

"ஏ சத்யா," நாத்தனார் கண்ணாத்தாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அங்க பாருடி. பிள்ள நேரா நடக்குது!"

சத்யா பார்த்தாள். சாணம் மெழுகிய வாசலில் இரண்டு பாதங்களும் ஒன்றுபோலப் பதிந்து எழுந்தன. இடுப்பு சாயவில்லை, தோள் இறங்கவில்லை. கால் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது! தேவையில்லாத ரப்பரை மாட்டி, வந்து சேர்ந்த காலை நான்தானே நொண்ட வைத்தேன்! வலது கால் குட்டையாகிவிடுவதற்குள் தகட்டை எடுக்க வேண்டும், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இவ்வளவு சந்தோஷத்தை இந்த வீட்டில், இந்த நேரத்தில், எங்கே கொண்டுபோய் வைப்பது? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுத்து, இதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

மூன்றாவது சுற்று முடிந்தது. "சரி, பந்தத்த வாங்குங்க. நேரமாகுது, தூக்கணும்," என்றார் சிவசாமி.

"இன்னொரு சுத்து வரட்டும்," என்றாள் சத்யா.

கொட்டு நின்றது. சிவசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா பேசுறே? மூணுதான் முறை."

"எனக்கும் தெரியும் சின்ன மாமா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

காலையில்தான் விமானத்திலிருந்து இறங்கி வந்திருந்த கண்ணன் மகளின் பாதங்களைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். "விடுங்க சித்தப்பா, நடக்கட்டும்," என்றான்.

சுடர்விழி பந்தத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். சத்யா மாமனாரின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். அவர் கண்மேல் சரிந்து கிடந்த மாலையை விலக்கிவிட்டாள்.