மத்தேயு நிறுத்திய இடம்

ஐப்பசிக் கடைசியில், ஜெயங்கொண்டம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி மோதி சாம் செத்துப்போனான். ஏழு வயது. பைக் ஓட்டிய அவன் அப்பா பெனடிக்ட்டுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பிள்ளையை வரதராஜன்பேட்டைக் கல்லறையில் புதைத்துவிட்டு வந்த மறுவாரமே அவன் அம்மா சுகன்யா மேரி பள்ளிக்கூடம் போனாள், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். அழுகை மட்டும் நின்றபாடில்லை. கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதும்போதே வந்துவிடும்.

அவள் அக்கா சாந்தி மேரி செபக்கூட்டம் நடத்துகிறவள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் வசனம் எழுதி, சாம் படத்துக்குக் கீழே ஒட்டினாள். பழைய ஏற்பாட்டில் எரேமியா சொன்னது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ராகேலிடம், அழுதது போதும், எதிரி நாட்டிலிருந்து அவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடம்.

"இது உனக்குன்னே வந்த வார்த்தை. இதுக்கு மேலயும் அழுதா விசுவாசம் இல்லன்னுதான் அர்த்தம்" என்றாள்.

சுகன்யா நம்பினாள். அழுகை வரும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு மடங்காக வந்தது. தனக்கு விசுவாசம் இல்லை என்றே முடிவுகட்டிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் திருநாள். காலைப் பூசையில் சின்னப்பராஜ் ஃபாதர் மத்தேயு நற்செய்தியை வாசித்தார். பெத்லகேமில் பிள்ளைகள் வெட்டுப்பட்டார்கள். எரேமியா உரைத்தது நிறைவேறியது. ராகேல் அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள், பிள்ளைகள் இல்லையே என்கிறாள். அடுத்த வரி, அட்டையில் இருந்தது, சுகன்யாவுக்கு மனப்பாடம். அதற்காகக் காத்திருந்தாள். ஃபாதர் புத்தகத்தை முத்தமிட்டு மூடிவிட்டார்.

பூசை முடிந்ததும் உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஃபாதர், ரெண்டு வரி விட்டுட்டீங்க."

"எதும்மா?"

"திரும்பி வருவாங்கங்கிறது."

அவர் அங்கியை மடித்தபடி யோசித்தார். "நான் விடல. மத்தேயுவே அதோட நிறுத்திட்டாரு."

"அவருக்கு அது தெரியாதா?"

"எரேமியாவ நல்லாப் படிச்சவரு. தெரியாம இருக்காது." மடித்த அங்கியை அலமாரியில் வைத்தார். "எரேமியா சொன்னது சிறை பிடிச்சுட்டுப் போன ஜனங்களப் பத்தி. அதுல உசுரோட இருந்தவங்க இருந்தாங்க, திரும்பியும் வந்தாங்க. பெத்லகேம் பிள்ளைங்க வரல. அந்தத் தாய்ங்ககிட்டப் போயி அழாதேன்னு சொல்ல அவருக்கு மனசு வரலையோ என்னமோ. எனக்கு அவ்வளவுதாம்மா தோணுது."

"உயிர்ப்பு இருக்குல்ல ஃபாதர்?"

"இருக்கு. அத அவரு கடைசியிலதான் எழுதுனாரு. இந்த எடத்துல எழுதல."

வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பிய்த்தாள். சுவரில் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. சாயங்காலம் வந்த சாந்தி மேரி வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "வேதத்தையா கிழிச்ச?" என்றாள்.

"வேதத்துலயே ராகேல் அழுதுட்டுத்தான்க்கா இருக்கா. நீங்க வாங்க, உக்காருங்க. நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க."

சாந்தி மேரி உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளறையிலிருந்து பெனடிக்ட் வெளியே வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே, "லாரிய முந்தலாம்னு நான்தான் ஏறிப் போனேன். அவன் வேணாம்ப்பான்னான்" என்றான். ஒன்றரை மாதத்தில் அவன் அதைச் சொல்வது இதுதான் முதல்முறை.

சுகன்யா அவனைப் பார்த்தாள். பரவாயில்லை என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை. பாயின் ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் வந்து உட்கார்ந்தான். இருட்டும்வரை இருவரும் அழுதார்கள்.