உள்ளே விட்ட துணி

தெருவில் யார் எந்த வருஷம் எத்தனை அங்குலம் பெருத்தார்கள் என்பது தையல்கடை அக்காவுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அதுவே பலருக்கு வயிற்றெரிச்சல்.

எல்லா அளவும் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. செத்துப்போன புருஷன் தன் கையால் எழுதிவைத்த புரோகிராம். பெயர், தோள், மார்பு, இடுப்பு; கடைசிக் கட்டத்தில், நாளைக்குப் பெருத்தால் பிரித்துவிடத் தையலுக்குள் எவ்வளவு துணி விடலாம் என்ற எண். பழைய அளவுகளைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்ளும். புதுமாப்பிள்ளைக்கு இரண்டு அங்குலம் என்று போட்டால், ஆறே மாதத்தில் இரண்டும் தேவைப்படும்.

ஆன்ட்டிவைரஸுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. ‘சந்தேகத்துக்குரிய கோப்பு, தானாக மாறுகிறது’ என்று திடீரென்று சிவப்புப் பெட்டி காட்டும். உடனே கொழுந்தனுக்குப் போன் போடுவாள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். புருஷன் போனபிறகும் அவள் வாசல் மிதித்த ஒரே உறவு.

“பொய் எச்சரிக்கை அண்ணி. அண்ணன் வீட்ல உக்காந்து எழுதினது, பெரிய கம்பெனி முத்திரை கிடையாது. புதுசா குடிவந்தவனை நம்ம தெரு பாக்குமே, அப்படிப் பாக்குது. ‘அனுமதி’ன்னு அமுக்குங்க.”

அமுக்கினாள். அந்த வாரம் தபால்காரர் செத்துப்போனார். மறுபடி பெட்டி வந்தது, அமுக்கினாள். முனைவீட்டு நர்ஸ் போனாள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? மூன்றாவதாக, தினம் காலையில் ஓடுகிற டீச்சர்.

டீச்சரின் புதுச் சட்டை வாங்க ஆளில்லாமல் தொங்கியது. பிரித்து வேறு யாருக்காவது ஆகுமா என்று உள்பக்கம் திருப்பினாள். தையலுக்குள் மருந்துக்குக்கூடத் துணி இல்லை. கம்ப்யூட்டர் சொன்னபடிதான் வெட்டியிருந்தாள். பட்டியலைத் திறந்தாள். டீச்சருக்குக் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம். நர்ஸுக்குப் பூஜ்யம். தபால்காரருக்கும்.

நான்காம் முறை பெட்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணிக்கு. அவள் போன் போடவில்லை. பட்டியலை மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் பெயரில் விரல் நின்றது. நேற்றுவரை இரண்டு, இன்று பூஜ்யம். இரண்டு என்று அடித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யமானது. மூன்று அடித்தாள். பூஜ்யம்.

இருபது வருஷ அளவுகள், பிழைப்பு, புருஷன் விட்டுப்போன ஒரே கைவேலை. எல்லாம் ஒரு பக்கம். வாய் நீளமானாலும் மனசு சுத்தமான அந்த மனுஷன் ஒரு பக்கம். ‘அகற்று’ என்பதை அமுக்கினாள். அவர் கொடுத்திருந்த பேண்டை மூன்று அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தாள்.

பிறகு தெரு முழுக்க மறுபடி அளவு கொடுக்க வரிசையில் நின்று வயிற்றை எக்கியது. அக்காவுக்கு மறை கழன்றுவிட்டதாகப் பேச்சு. கொழுந்தனோ, பின்னால் தலையணை கட்டிய மாதிரி இருக்கிறதென்று புலம்பியபடி கல்லுக்குண்டாய் நடமாடினார். விஷயத்தை அவரிடம் எந்த வாயால் சொல்வது? பத்து நாள் போனதும்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பதினோராம் நாள் நூல்கண்டு வாங்கிவிட்டுத் திரும்பினால், கொழுந்தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஆன்ட்டிவைரஸ் எதையும் ஒரேடியா அழிக்காது அண்ணி. முப்பது நாள் ஓரமா பூட்டி வெச்சிருக்கும். வெளிய எடுத்துட்டேன். அண்ணன் செஞ்சதாச்சே, விடலாமா? இனி இதைத் தொடாதேன்னும் சொல்லி வெச்சாச்சு. இனிமே கத்தாது.”

திரையில் அவர் பெயர். கடைசிக் கட்டத்தை அவள் பார்த்தாள். பூஜ்யம். பிறகு, அண்ணி செய்யக்கூடாத காரியமாக, அவர் பேண்டின் பின்பக்கத்தை இழுத்து உள்ளே விரலை விட்டாள்.

அவர் அசடு வழிந்தார். “கோவிச்சுக்காதீங்க. உக்கார முடியல, ஒரே உறுத்தல். பக்கத்துத் தெரு தையல்காரர்கிட்ட குடுத்து உள்ள இருந்த துணியை வெட்டிட்டேன்.”

வேறு கடைக்குப் போனதற்காகத்தான் அண்ணிக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.