கதவுக்கு இரண்டு வரி

சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. மகள் ரோநிங், வங்கியில் இலவசமாகக் கொடுத்த சிவப்புத் தாள்களை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். வாசலின் இருபுறமும் ஒட்டுவதற்கு அச்சடித்த வாழ்த்து வரிகள். சூ போயான் அவற்றைப் பார்த்தார். சிறையிலிருந்து வந்து மகளின் சின்ன வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் மனுஷனால் என்ன சொல்ல முடியும்? ஆனால் உள்ளே இருந்த வருடமெல்லாம் அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். இந்தக் கதவுக்குத் தன் கையால் எழுத வேண்டும்.

ஒரு காலத்தில் அவர் இந்த நகரத்தின் துணை மேயர். அறிவிப்பு எழுதும் குமாஸ்தாவாக நுழைந்தவர். வெள்ளக் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று உழைத்துத்தான் மேலே வந்தார், அதை யாரும் மறுக்க முடியாது. கட்டட வேலைகள் அவர் கைக்கு வந்ததும் ஊருக்கே அவருடைய தூரிகை எழுத்தின் மேல் காதல் வந்துவிட்டது. பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எதன் நெற்றியிலும் அவர் எழுத்துதான். எழுதி வாங்கிய ஒப்பந்தக்காரர்கள் கனத்த உறைகளை வைத்துவிட்டுப் போனார்கள். கலைக்கு மரியாதை என்று அவர் நம்பினார். அப்படி நம்புவது வசதியாக இருந்தது. லஞ்ச வழக்கு விசாரணையில் அந்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவன், "அந்தக் கிறுக்கலா? கக்கூஸ்ல மாட்டியிருந்தேன்" என்றான். தீர்ப்பைவிட அதுதான் அவரைச் சுட்டது.

அவர் கைதான வாரமே பாலத்து எழுத்துகளை உளி வைத்துக் கொத்தினார்கள். அப்போது ரோநிங் அந்தப் பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சிவப்புத் தாள் வந்த மறுநாள் அவர் சந்தைக்குப் போனபோது மீன்காரி மா அக்காவின் விலைப்பலகை தண்ணீரில் அழிந்து கிடந்தது. தூரிகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சும்மாதானே நிக்கறீங்க? உயிர்க் கெண்டைன்னு எழுதிக் குடுங்களேன்."

தூரிகையை வாங்கி எழுதினார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்தப் பாலத்துல எழுதின ஆளுதானே நீங்க?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஆமாம்மா."

"அது ஒரு எழவும் புரியாது. இது பரவாயில்ல, படிக்க முடியுது. ஆனா கடைசி எழுத்து கோணல்."

பார்த்தார். கோணல்தான். பதவியில் இருந்த காலம் முழுக்க ஒருவர்கூட அவரிடம் கோணல் என்று சொன்னதில்லை. சிரிப்பு வந்தது. அவள் ஒரு கெண்டையைப் பையில் போட்டு நீட்டியதும் சூடு பட்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"ஐயோ, வேணாம்! காசு வாங்கிக்க."

"ஒரு மீனுக்கா இந்தப் பதறு பதறுறீங்க?"

"அப்பவும் மொதல்ல ஒரு மீன்தாம்மா வாங்கினேன்."

அவள் நீட்டிய பை அந்தரத்தில் நின்றது. பிறகு காசை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ரோநிங்கின் குரல் கடுத்தது. "மீன் ஏது? யார் குடுத்தா?"

பலகை, கோணல், காசு, மீன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் மீனை ஆவியில் வைத்தாள். சாப்பிட்டதும் வங்கித் தாள்களை எடுத்துக் கதவருகே வைத்தாள். இனி ஆசைப்படக் கூடாது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புத்தாண்டுக்கு முதல் நாள் அவள் அச்சடிக்காத சிவப்புத் தாளும் தூரிகையும் மைப்புட்டியும் வாங்கி வந்தாள்.

"மா அக்கா பலகையைப் போய்ப் பார்த்தேன். கோணல்தான்" என்றாள். பிறகு தாளை அவர் பக்கம் தள்ளினாள். "கதவுக்கு எழுதுங்கப்பா. பேர் கீர் போட்டுடாதீங்க."

எழுதினார். எழுதி முடித்துப் பழைய வழக்கப்படி பாராட்டுக்காக நிமிர்ந்தார். ரோநிங் தாளைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"எடது பக்கம், நாலாவது எழுத்து. கால் இழுத்துக்கிட்டு நிக்குது."

அவர் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லாத ஒரு வார்த்தை, அதுவும் மகள் வாயால்.

"அப்ப இன்னொரு தாள் குடும்மா."

"எடுத்துக்குங்க" என்றாள் ரோநிங். "ஒரு கட்டே வாங்கியிருக்கேன்."