கோட்டை துப்பிய நான்கு நாள்

தீபாவளி முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மால்வண் கடலுக்குள் நிற்கும் சிந்துதுர்க் கோட்டையின் வடக்குச் சுவர் தத்தோபாவின் முகத்தில் துப்பியது. அன்று காற்று மிதமாக இருந்தது. சந்தையில் அயிலை டஜன் நூற்றிருபதுக்குப் போனது. துப்பியது செங்காவி நிறத்தில் இளஞ்சூடாக இருந்தது. தத்தோபா அதை ஒரு விரலால் வழித்து மோந்து பார்த்தார். புகையிலை, சுண்ணாம்பு, கொஞ்சம் பழைய வாய். கோலாப்பூரிலிருந்து வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு பத்தொன்பது வருஷமாகக் கோவில், கோட்டை, கடற்கரை என்று சுற்றிக்காட்டுகிறவர், வண்டி நின்றதும் சாமியைத் தேடுவதற்கு முன்னால் புகையிலையைத் துப்பச் சுவரைத் தேடுகிறவர். தன் எச்சில் தனக்குத் தெரியாதா?

வேறு நாளாக இருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பார். அன்று பின்னால் நின்றது மகள் உஜ்வலாவைப் பெண் கேட்டு வந்த குடும்பம்: மாப்பிள்ளை அமோல், அவன் அம்மா சுனந்தாபாய், அப்பா யஷ்வந்த்ராவ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாப்பிள்ளை வீட்டார் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தால்தான் அந்தப் பக்கம் நிச்சயம் ஆனதாகக் கணக்கு. பொட்டலம் சுனந்தாபாயின் கைப்பையில் தயாராக இருந்தது. நாலு நாள் ஒரே வண்டியில் போனால் ஒரு குடும்பத்தின் லட்சணம் தெரிந்துவிடும், எல்லாம் சரியாக இருந்தால் கடைசி நாள் கணபதிபுளே பிள்ளையார் முன்னால் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"சீச்சீ, என்ன கண்றாவி இது?" என்றார் சுனந்தாபாய்.

"உப்புக்காத்து அக்கா. சுவர் கசியுது" என்றார் தத்தோபா.

"கசியுற தண்ணி காறிக்கிட்டா வரும்?"

யஷ்வந்த்ராவ் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். "முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்கள இங்கெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு வெத்தலைக் காம்புகூட வாயில வெச்சதில்ல."

மறுநாள் குண்கேஷ்வர் கோவில் மதில் இருமிவிட்டுத் துப்பியது. தேவ்கட் கலங்கரை விளக்கத்தின் மூன்றாம் படி முழங்கால் உயரம்தான் எட்டியது, ஆனால் சளியோடு வந்தது. தத்தோபாவின் மூன்று சட்டையும் தீர்ந்தது. ஈக்கள் வண்டிக்குள் ஏறிக் கடைசி சீட்டில் குடியிருந்தன. மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பின் சிவப்பைப் பார்த்ததும் சுனந்தாபாய்க்கு ஓங்கரித்தது. தட்டைத் தள்ளிவிட்டு, கைப்பையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"அப்பா, இனி எங்கயும் இறங்காதீங்க. வண்டியிலயே இருங்க" என்றாள் உஜ்வலா. அழுதிருந்தாள்.

"வண்டியிலயும் துப்பியிருக்கேனேம்மா. டயர்லதான் நிறைய."

"டயரும் துப்புமா?"

"ஓடும்போது துப்பாதுன்னு நினைக்கிறேன்."

அன்று மாலையே புகையிலை டப்பியைக் கடலில் எறிந்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் வாளியும் துண்டுமாக விஜயதுர்க் கோட்டைக்குப் போய், தன் மூலையைக் கண்டுபிடித்துத் தேய்த்தார். பத்தொன்பது அடுக்கு. முதல் அடுக்கு கரைந்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை காலம் இதைத்தானா ஊருக்கெல்லாம் பரிமாறியிருக்கிறோம் என்று முதல்தடவையாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தேய்க்கும்போது, தன் கறைக்கு ஒரு முழம் மேலே வேறொரு கறை தட்டுப்பட்டது. ஏலக்காயும் ரோஜாவும் மணந்தது. அது யாருடையதோ. வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்தார்கள். சுவர் தொண்டையைச் செருமியது. தத்தோபா பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். துப்பியது அவர் தலைக்கு மேலாகப் போய், யஷ்வந்த்ராவின் வெள்ளைத் தொப்பியிலும் ஜிப்பாவிலும் விழுந்து, தாடை வழியாக இறங்கியது. கோட்டை முற்றமே கல்யாண வீடு மாதிரி மணத்தது.

தத்தோபாதான் முதலில் ஓடினார். ஈரத் துண்டால் தலைமையாசிரியரின் முகத்தைக் குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தார். "அதுவும் என்னோடதுதான்க்கா. சுவருக்குக் குறி தப்பிருச்சு."

சுனந்தாபாய் கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்த வாசனைய இருமல் மருந்துன்னீங்களே" என்றார் கணவரிடம். யஷ்வந்த்ராவ் தன் செருப்பைப் பார்த்தார். அந்த அம்மாள் தத்தோபா பக்கம் திரும்பினார். "உங்க வாயில ஏலக்காய் வாசனை வந்து இந்த மூணு நாள்ல நான் பார்க்கல, அண்ணா." பிறகு பிள்ளையாருக்குக்கூடக் காத்திராமல் கைப்பையைத் திறந்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க, சம்பந்தி. சோப்புப் போட்டு."

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அதற்கப்புறம் வருஷாவருஷம் தீபாவளி முடிந்ததும் சம்பந்திகள் இருவரும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வாளியோடு அதே பாதையில் போனார்கள். தேய்த்துத் தீராததைச் சுவர்கள் முறை வைத்துத் திருப்பிக் கொடுத்தன, ஒரு நாள் புகையிலை, ஒரு நாள் ஏலக்காய். மால்வண் படகுக்காரர் இருவரையும் காற்று போகிற பக்கம் உட்கார வைத்தார். மற்ற பயணிகள் கொஞ்சம் தள்ளி நின்று, தங்கள் முறை வரும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு கோட்டையைச் சுற்றிப்பார்த்தார்கள்.