ஹேட்லி தடுத்த பந்து

கல்லூரிக் கோச் வரப்போகிற செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. அன்று சாயங்காலம் வரை டேரல் காட்டருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அவருடைய மகள் ரேலின் சாஃப்ட்பால் அணியில் பந்து வீசுகிறவள். பள்ளிக்கூடத்தில் இது அவளுக்குக் கடைசி வருஷம். கான்ஸாஸில் ஒரு கல்லூரி அணியில் பிட்சருக்கு ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு இவள் தேறுவாளா என்று பார்க்க, அந்த அணியின் கோச் ஆவரில் என்கிற அம்மாள் நேரில் வருகிறார். வரட்டுமே, நல்லதுதானே என்று தோன்றும். வருகிற இடம்தான் சிக்கல். டல்லாஸில் நடக்கும் டிராவல் போட்டிக்கு வராமல், போகிற வழியில் செவ்வாய்க்கிழமை கெட்டில் கிரீக் பள்ளி மைதானத்தில் எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டிராவல் அணி என்றால் பொறுக்கியெடுத்த பெண்கள். ஒருத்தி ஃபோர்ட் வொர்த்திலிருந்து, ஒருத்தி துல்சாவிலிருந்து, ரேலின் ஓக்லஹோமாவின் இந்த மூலையிலிருந்து. சனி ஞாயிறு ஆனால் காரில் கூலர் பெட்டியை ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஒரு மைதானத்தில் வந்து சேருவார்கள். வேலிக்குப் பின்னால் கல்லூரிக் கோச்சுகள் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யார் ஜெயித்தார்கள் என்று கேட்க நாதி கிடையாது. யார் எப்படி ஆடினாள் என்பதுதான் கேள்வி. மணி அடித்தால் ஆட்டம் பாதியில் முடிந்துவிடும், அதற்காக யாரும் அழமாட்டார்கள். ரேலினுக்கு அங்கே காம்ரின் என்று ஒரு கேட்சர், அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிறவள். அவளிடம் எதை எறிந்தாலும் கையுறைக்குள் போய் அடங்கும். ஆனால் மூன்று வருஷம் சேர்ந்து ஆடியும், ரேலினின் தம்பி பேர் காம்ரினுக்குத் தெரியாது.

பள்ளி அணி வேறு ஜாதி. ஊரில் இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. சென்டரில் நிற்கிறவள் கூடைப்பந்துக்காரி. வலது மூலையில் நிற்கிற பெண் போன வருஷம்தான் கையுறையை எந்தக் கையில் மாட்டுவது என்று கற்றுக்கொண்டாள். ஆட்டம் ஏழு சுற்றும் முடிகிற வரை நடக்கும். தோற்றால் மறுநாள் அஞ்சல் நிலையத்தில், பெட்ரோல் பங்கில், தேவாலயத்தில் ஏன் தோற்றோம் என்று ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டும். அந்த ஊர்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வரும்.

ஒழுங்கான கேட்சர் ஒருத்தி பள்ளி அணிக்கும் இருந்தாள். ஆகஸ்டில் வயலில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள். இனி யார் குந்துவது என்று பள்ளிக் கோச் ப்ராக் கேட்டபோது, ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். ரேலினின் பந்து எதிரே வந்தால் எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் கை தூக்கியவள் ஹேட்லி இம்ப்சன். பள்ளி பேண்டில் டிரம் வாசிக்கிறவள், தோழிகளோடு அரட்டை அடிக்கலாம் என்று அணியில் சேர்ந்தவள்.

ரேலினின் பெயரெல்லாம் ஒரே பந்தில்தான் இருந்தது. டிராப் என்பார்கள். நேராக வருகிற மாதிரி வந்து, மட்டையின் மூக்குக்கு முன்னால் பொத்தென்று தரையைப் பார்த்துக் குனியும். அடிக்கிறவள் காற்றை வெட்டுவாள். ஆனால் பிடிக்கிறவளுக்கும் அது அதே பாடுதான் படுத்தும். செப்டம்பர் முடிவதற்குள் ஹேட்லியின் இடது கட்டைவிரல் வீங்கி, மடங்க மறுத்தது. பேண்ட் வாத்தியார் அவளை டிரம்மிலிருந்து எடுத்து, ஜால்ரா மாதிரிப் பெரிய சிம்பலுக்கு மாற்றினார். சிம்பலைத் தட்டுவதற்கு மூளை வேண்டாம், விரலும் வேண்டாம் என்று ஹேட்லியே சொல்லிச் சிரித்தாள். ரேலினும் சேர்ந்து சிரித்தாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

டேரல் யோசித்தார். மகளின் ஒன்பது வயதிலிருந்து வீட்டுப் பின்புறம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அவள் பந்தைப் பிடித்த மனிதர். முழங்காலில் பட்ட அடிக்கெல்லாம் கணக்கே இல்லை. அவர் ப்ராக்கிடம் போய், ஒரு நாளைக்கு மட்டும் வேறு யாரையாவது குந்த வைக்கக் கூடாதா என்று கேட்டார். ப்ராக் சரித்திரப் பாடம் நடத்துகிறவர், பள்ளிப் பேருந்தும் ஓட்டுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். நீங்களே பாவாடை கட்டிக்கொண்டு வந்து குந்தினால் எனக்கு ஆட்சேபணையில்லை என்று சொல்லிவிட்டுக் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை ஆவரில் வந்தார். வெயிலில் வெளுத்த தொப்பி, சிரிக்காத முகம். வேலியோரம் தனியாக நின்றுகொண்டார். தோற்கிற பள்ளிக்கு அத்தோடு பருவம் முடிந்தது என்பதால் ஊரே திரண்டிருந்தது. ரேலின் முதல் இரண்டு சுற்றும் பிரமாதமாக வீசினாள். சும்மா சொல்லக் கூடாது, ஹேட்லியும் எப்படியோ சமாளித்தாள். பாதிப் பந்தைப் பிடித்தாள், மீதியை நெஞ்சால் தடுத்தாள்.

மூன்றாவது சுற்றில்தான் சனி பிடித்தது. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் எதிர்ப் பள்ளிப் பெண் ஒருத்தி அடிக்கிறவள் நிற்கிற தட்டுக்கு, அதாவது ஹோம் பிளேட்டுக்கு, ஓடி ரன் எடுக்கக் காத்து நிற்கிறாள். அடிக்கிறவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஸ்டிரைக்; இன்னொன்று விழுந்தால் அவளும் அவுட், சுற்று முடிந்தது. ரேலின் டிராப் வீசினாள். மட்டை காற்றை வெட்டியது. மூன்றாவது ஸ்டிரைக்! ரேலின் கையுறையைத் தொடையில் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தங்கள் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

சாஃப்ட்பாலில் ஒரு விதி உண்டு. இரண்டு பேர் அவுட்டான பிறகு மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் கையில் பிடிக்காமல் விட்டுவிட்டால், மட்டை வீசியவள் இன்னும் அவுட் இல்லை, ஓடலாம். பந்து ஹேட்லியின் கால்களுக்கு நடுவே நழுவி வேலி வரைக்கும் உருண்டது. மட்டை வீசியவள் முதல் பேஸுக்கு ஓட்டம் பிடித்தாள், மூன்றாவதில் நின்றவள் ஹோமுக்குப் பாய்ந்தாள். ஹேட்லி விழுந்தடித்து ஓடிப் பந்தை எடுத்து ஹோம் பிளேட்டைப் பார்த்து எறிந்தாள். அங்கே நிற்க வேண்டியவள் பிட்சர். அங்கே ஈ காக்கை இல்லை. பந்து வெறும் தட்டைத் தாண்டி மைதானத்துக்குள் உருண்டது.

கூச்சல் கேட்டு ரேலின் திரும்பிப் பார்த்தபோது ரன் விழுந்து முடிந்திருந்தது. ஊர் முழுக்க ஹேட்லியைத்தான் முறைத்தது. டேரல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். தப்பு யாருடையது என்பது ரேலினுக்குப் பந்து வீசுகிற வட்டத்துக்குத் திரும்பி நடக்கும்போதே உறைத்துவிட்டது. காம்ரின் ஒரு பந்தைக்கூட விட்டதில்லை. அதனால் மூன்று வருஷமாக மூன்றாவது ஸ்டிரைக் என்றால் திரும்பி நடப்பதுதான் அவளுக்குப் பழக்கம். பழக்க தோஷம் இங்கே வந்து பல்லைக் காட்டிவிட்டது. ஆனாலும் ஹேட்லி, "சாரி டீ, என் தப்பு" என்று சொன்னபோது ரேலின் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கூசும்.

அதற்குப் பிறகு அவள் டிராப் வீசவே இல்லை. ஹேட்லி விரலால் சைகை காட்டி அதைக் கேட்பாள், இவள் தலையசைத்து மறுப்பாள். நேர்ப் பந்தாகவே போட்டாள். எதிரணிப் பெண்கள் அதை நன்றாகவே அடித்தார்கள். கூடைப்பந்துக்காரி ஓடி ஓடிப் பிடித்ததால் மானம் தப்பியது. ஐந்தாவது சுற்றில் கெட்டில் கிரீக் ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தது, ஆறாவதில் கையுறை தெரியாத அந்த வலது மூலைப் பெண்ணே கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி அடித்து இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் கொண்டுவந்தாள். ஊர் குதித்தது. ஆவரில் மட்டும் வேலியை விட்டு விலகிப் போய், சில்லி ஊற்றிய சோளச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டார். நேர்ப் பந்து போட ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அதைப் பார்க்க அவர் வரவில்லை.

ஏழாவது சுற்று. மறுபடியும் இரண்டு பேர் அவுட். மறுபடியும் மூன்றாவது பேஸில் ஒருத்தி. மட்டையோடு நின்றவள் அந்த அணியிலேயே பலசாலி. இரண்டு ஸ்டிரைக் ஆயிற்று, ஆனால் போட்ட இரண்டு நேர்ப் பந்தையும் அவள் கோட்டுக்கு வெளியே இடிமாதிரி அடித்திருந்தாள்; வெளியே போனால் அதுவும் ஸ்டிரைக் கணக்கில்தான். ஹேட்லி டிராப் கேட்டாள். ரேலின் மறுத்தாள். ஹேட்லி மறுபடியும் கேட்டாள். ரேலின் மறுபடியும் மறுத்தாள். ஹேட்லி முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு வட்டத்துக்கு நடந்து வந்தாள்.

"எனக்காகத்தான டிராப் போட மாட்டேங்கற?"

ரேலின் பந்தைக் கையுறைக்குள் உருட்டினாள்.

"இங்க பாரு. காம்ரின் மாதிரி பிடிக்க எனக்கு வராது, இந்த ஜென்மத்துல வராது. ஆனா முன்னாடி விழவெச்சிருவேன். கை தூக்கின நாள்லேருந்து அத மட்டும்தான் பழகிட்டிருக்கேன். நீ ஹோமுக்கு வந்துரு, அது போதும்."

"விரலு?"

"அது எப்பவோ போச்சு டீ. அதான் சிம்பல் தட்டறேன். அந்த விரலு வீணாப் போனதா ஆகக் கூடாது. போடு."

அந்தச் சிம்பலுக்கு அன்றைக்குச் சிரித்தோமே என்று ரேலின் இப்போதுதான் யோசித்தாள். நவம்பரில் மாநில பேண்ட் போட்டி. ஹேட்லி நாலு வருஷமாக டிரம்மோடு அதற்குக் காத்திருந்தவள். "மூணாவது சுத்துல நான்தான்டீ ஹோமுக்கு வரல," என்றாள் ரேலின்.

"தெரியும்," என்றாள் ஹேட்லி. "எறிஞ்சவ நான்தான? அங்க ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? இப்ப வா." முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

ரேலின் டிராப் வீசினாள். அந்தப் பருவத்தில் அவள் வீசியதிலேயே நல்ல பந்து அதுதான். பலசாலிப் பெண்ணின் மட்டை காற்றைக் கிழித்தது. பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணைக் குத்தி எழும்ப, ஹேட்லி அதைப் பிடிக்க முயலவேயில்லை. இரண்டு முழங்காலையும் மண்ணில் போட்டு, முகத்தைத் தாழ்த்தி, உடம்பால் சுவர் கட்டினாள். பந்து மார்புக் கவசத்தில் மோதி இரண்டடி முன்னால் விழுந்தது. மூன்றாவது பேஸ்காரி கிளம்பிவிட்டாள். ரேலினும் கிளம்பிவிட்டாள்; பந்து கையை விட்டபோதே அவள் ஓடத் தொடங்கியிருந்தாள். ஹேட்லி மண்ணோடு பந்தை அள்ளி உயர்த்தினாள், ரேலின் வாங்கினாள், சறுக்கி வந்த பேஸ்காரியின் காலில் பந்தை வைத்து அழுத்தினாள். கால் தட்டைத் தொட்டதா, பந்து முந்தியதா என்று புழுதி அடங்கும் வரை நடுவர் குனிந்து பார்த்தார். அவுட்.

ஊர் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அந்த நெரிசலில் ஆவரில் ரேலினைத் தேடி வந்தார். டேரல் முந்திக்கொண்டு, அந்த முதல் ரன்னைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது கேட்சர் விட்டது என்று ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடுகிறவளின் அப்பாவும் அதையேதான் சொல்வார் போலிருக்கிறது.

"இல்லப்பா," என்றாள் ரேலின். "நான் ஹோமுக்கு வரல கோச். திரும்பி நடந்துட்டேன். ஹேட்லி மேல தப்பே இல்ல."

டேரல் தொப்பியைக் கையில் சுழற்றினார். ஆவரில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"டல்லாஸ்ல உன்ன மூணு தடவ பாத்திருக்கேன்மா. அங்க ஒரு பந்துகூடக் கீழ விழல. விழுந்தா நீ என்ன செய்வேன்னு தெரியாம எப்படி இடம் கொடுக்கிறது? அதான் இங்க வந்தேன். மொதல் தடவ நீ திரும்பி நடந்ததையும், அப்புறம் நேர்ப் பந்தாவே போட்டதையும் பாத்துட்டு, கிளம்பிடலாம்னுதான் கார்கிட்ட போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்தியே. அடுத்த வாரம் கான்ஸாஸுக்கு வா. இடம் உனக்குத்தான்."

டேரல் மகளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். ரேலின் அவர் கையிலிருந்து மெல்ல விலகி ஹேட்லியைத் தேடினாள். அவள் பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்து, கால் கவசத்தின் கொக்கியை ஒற்றைக் கையால் கழற்றப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. ரேலின் அவள் முன்னால் மண்ணில் மண்டியிட்டு, ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தாள்.

"இடம் கிடைச்சிருச்சு," என்றாள். நன்றி என்கிற சொல் அவளுக்கு அப்போது ரொம்பச் சின்னதாகப் பட்டது, ஆனாலும் வேறு சொல் அகப்படாததால் அதையே சொன்னாள். "தேங்க்ஸ் டீ. நீ கை தூக்கலேன்னா எனக்கு இது இல்ல."

ஹேட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மற்ற காலை நீட்டினாள்.

"சரி சரி, இதையும் கழட்டு."

ரேலின் அதையும் கழற்றினாள்.