கெட்டிச் சந்தனம்

கேம் பெட்டிக்குள், கேசட்டைக் கவ்வும் செப்புப் பற்களின் இடுக்கில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, நடுவே குங்குமம் சிவப்பு மாறாமல், கோகிலவாணி மேசை விளக்கை அருகே இழுக்கிறாள், என் மகள், பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் கம்ப்யூட்டர்களையும் வாங்கிச் சரிசெய்து விற்பவள், நான் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இருபத்தேழு வருடம் பரணில் கிடந்த எங்கள் வீட்டுப் பெட்டி அது, புதிதாகவே வாங்கியது, அடுத்தவர் கழித்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்கியதில்லை, அதனால்தான் இன்று காலை அவளோடு உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போனபோதும் பத்தடி பின்னால் நடந்தேன், யாராவது பார்த்தால் தற்செயலாக வந்ததாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவள் இதே மாதிரிச் செத்த பெட்டியொன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்து, திருகாணித் தலைகளை விரலால் தடவி, இதை யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்று விலையைப் பாதியாக்கியபோது, கடைக்காரர் என்னைக் கண்டுகொண்டார், வாணியக்காவோட அப்பாவுங்களா, வெயில்ல ஏன் நிக்கறீங்க, என்று தன் முக்காலியைத் துடைத்துப் போட்டார், மில்லில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவனுக்கு யாரும் முக்காலி துடைத்துப் போட்டதில்லை.

செத்த பெட்டியின் உறுப்புகளால் நம்முடையதைப் பிழைக்க வைக்கலாம் என்று சொல்லித்தான் மூடியைக் கழற்றினாள், கழற்றியதும் இந்தச் சந்தனம், அன்று ஆயுத பூஜை, அவளுக்குப் பன்னிரண்டு வயது, சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வருகிறேன், கேசட் செருகும் வாய்க்கு மேலே நெற்றிபோல் கொஞ்சம் இடம், தண்ணீராய்க் குழைத்த சந்தனம் விரலிலிருந்து உள்ளே வழிகிறது, மாலையில் டி.வி.யில் வெறும் இரைச்சல், பங்காளிகள் நிறைந்த கூடத்தில் நீதான் கெடுத்தாய் என்று அவளைத் திட்டுகிறேன், எனக்குத் தெரியும், அப்போதே தெரியும், ஆனால் அத்தனை பேர் முன் என் கை தவறு செய்ததென்று எப்படிச் சொல்வது, அவள் அழவில்லை, என்னை ஒருமுறை பார்த்தாள், இப்போது பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைக்கிறாள், வெள்ளைப் பஞ்சு மஞ்சளாகிறது, கண்ணு, அது நான் பண்ணினது, என்கிறேன், யாருடைய குரலோ மாதிரி இருக்கிறது, அவள் தலை நிமிரவில்லை, தெரியும்ங்கப்பா, அன்னைக்கே சந்தன வாசம் அடிச்சுது, அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், பங்காளிக எல்லாம் இருந்தாங்களே, உங்களுக்குத் தலைகுனிவாப் போயிருக்குமே, என்றாள், பிறகு உதட்டைக் கடித்துச் சிரித்தாள், நம்ம பெட்டியத் திறந்து பாக்க விடாமப் பரணுக்கு ஏத்திட்டீங்க, அதான் ஊரார் பெட்டியெல்லாம் திறந்துட்டு இருக்கேன்.

பெட்டி பாடியது, அதே கீச்சுக்குரல் பாட்டு, விமானம் எழும்பியது, என் மூன்று உயிரையும் ஒரே நிமிடத்தில் தொலைத்தேன், இன்னொரு ஆட்டம் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன், அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது, அதே கூடம், அதே பங்காளிகள், தலை மட்டும் நரைத்தவர்கள், அந்தப் பெட்டியைக் கெடுத்தது நான், பிழைக்க வைத்தது இவள், என்று நிமிர்ந்து நின்றே சொல்கிறேன், கூடமே சிரிக்கிறது, நானும், வாணி எல்லாப் பெட்டிகளையும் செய்தித்தாள் போட்டு மூடிவிட்டு ஸ்குரூ டிரைவரின் பிடியை மட்டும் என் முன் நீட்டுகிறாள், இதுக்கு மட்டும் பொட்டு வைங்கப்பா, பிடிக்கு வைக்கிறேன், பிடித்திருப்பவளின் நெற்றிக்கும் வைக்கிறேன், சந்தனத்தை நானே கெட்டியாகக் குழைத்திருக்கிறேன், ஒரு சொட்டும் வழியவில்லை.