ஒரே ஒரு ஆமென்

அந்த வீட்டில் மாலை ஜெபம் ஆறரை மணிக்கு. ஆறரைக்குத் தொடங்கிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது முடியும் என்பதுதான் குடும்பத் தலைவனின் மனநிலையைப் பொறுத்த விஷயம்.

அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு. மகளுக்கு ஏழு வயது, முன்பற்கள் இரண்டும் விழுந்து புதியவை இன்னும் வந்து சேராத பருவம். மேசையில் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கும். மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். அவன் தொடங்குவான்.

"ஆண்டவரே, இன்றைக்குச் செய்த வேலையை உமது கையில் ஒப்படைக்கிறேன். குறிப்பாக அந்த நாலாம் மாடிக் கதவு. இடப்பக்க உருளையில் ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் விட்டிருக்கிறேன். ஆனாலும் நீர் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். ஆமென்."

மகள் கையை நீட்டி மூடியைத் தொடுவாள்.

"ஆண்டவரே, இன்னொன்று. மேலே இயந்திர அறையைப் பூட்டினேனா என்று நினைவில்லை. பூட்டியிருப்பேன். பூட்டாமல் இருந்தால் யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆமென்."

கை மறுபடி நீளும். மறுபடி பின்வாங்கும்.

மற்றவர்களுக்கு ஆமென் என்பது முற்றுப்புள்ளி. அவனுக்கு அது மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம். மகள் விரல் விட்டு எண்ணுவாள். "அப்பா, இன்னைக்கு அஞ்சு ஆமென்," என்று அறிவிப்பாள். ஒருநாள் எட்டு. அன்றைக்குச் சாப்பாட்டை மறுபடி சுடவைக்க வேண்டியிருந்தது.

இப்போது அதையெல்லாம் நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வருகிறது. சர்வ வல்லவருக்குக் கதவு உருளையில் எந்தப் பக்கம் சத்தம் என்று அடையாளம் சொல்லிக்கொடுத்த ஆள் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனால் அப்போது அது சிரிப்பாக இல்லை. வேலை முடித்துப் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் யாரோ மெல்லத் திருகு முடுக்க ஆரம்பிப்பார்கள். உள்ளங்கை ஜில்லிட்டுப் போகும். கம்பிக்கயிறு ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டு வருவது கண்முன்னால் தெரியும். உள்ளே ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் ஒரு முகம் எப்போதும் அவன் மகளுடையதாக இருக்கும்.

பதினோரு வருஷத்தில் அவன் கைபட்ட லிஃப்ட் எதிலும் ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை. அதுதான் அவன் கவலையே. இவ்வளவு நாள் நடக்காதது மொத்தமாகச் சேர்ந்து எங்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்று அவன் உறுதியாக நம்பினான்.

அதனால் திரும்பிப் போவான். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து, கட்டடத்துக்குப் போய், "ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்," என்று காவலரிடம் கெஞ்சுவான். பட்டறையில் அவனுக்கு வைத்த பெயரே 'இன்னொரு தடவை'. அவன் நுழைந்ததும், "இன்னொரு தடவை வந்தாச்சா? அப்ப டீ சொல்லு," என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கும்போதே நேற்று இறுக்கிய மரை ஒன்று நினைவுக்கு வரும்.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றுக்கு அவன் நாலாவது தடவையாகத் திரும்பிப் போனான். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறினான். அங்கே ஒரு சுவிட்ச் உண்டு. அதைச் சோதனைப் பக்கம் தள்ளிவிட்டால், மேலே நிற்கிற மெக்கானிக் சொல்வதை மட்டும்தான் லிஃப்ட் கேட்கும். கீழே யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. தள்ளினான். மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். கயிறு, பிரேக், தண்டவாளம் எல்லாம் பிரமாதம். திருப்தியோடு இறங்கும்போது, போன வாரம் பார்த்த வேறொரு கட்டடத்தின் பிரேக் நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கவலையில் இந்தச் சுவிட்சைப் பழைய பக்கம் தள்ள மறந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அந்த அலுவலகம் முழுக்கப் படியேறியது. மேலாளர் ஆறாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து டையை அவிழ்த்தாராம். லிஃப்ட் பூரண ஆரோக்கியத்தோடு கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்படி அமைதியாக இருந்தார்.

"லிஃப்ட்ல என்னடா கோளாறு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப ஏன் ஓடல?"

"நான் போய்ப் பாத்ததால."

"நல்லா இருந்ததை நீ போய்ப் பாத்தே நிறுத்தியிருக்கே. இந்தத் தொழில்ல இப்படி ஒரு கோளாறை நான் கேள்விப்பட்டதே இல்ல." மேசையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். "சனிக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரி லிஃப்டை ஒப்படைக்கணும். அஞ்சு மாடி. நீதான் முழுக்கப் போட்டே, நீயே கையெழுத்துப் போட்டுக் கொடு. மூணு மணிக்கு வெளிய வந்தா வந்ததுதான். திரும்பிப் போனேன்னு காதுல விழுந்துச்சு, திங்கக்கிழமையிலேருந்து ஸ்டோர்ல உக்காந்து மரை பொறுக்கு. எனக்குக் கோபம் இல்லடா. ஆனா சுவிட்சை மறக்கறவனைக் கூண்டு மேல ஏத்த எனக்குப் பயமா இருக்கு."

அவர் சொன்னது நியாயம். அதுதான் வலித்தது. அவன் பயந்து பயந்து வேலை செய்ததெல்லாம் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான். இப்போது அந்தப் பயத்தாலேயே அவன் ஆபத்தான ஆளாகிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். சலவை நிலையத்திலிருந்து வந்தும், வீட்டுத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணியில் சூடு படும் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. அந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் அவனுக்கு அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வரும்.

"மேலாளர் நிஜமாவே டையை அவுத்தாரா?" என்றாள்.

"நீ வேற."

"சரி சரி." ஒரு சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "ஏங்க, மடிச்சு வச்ச சட்டையைச் சரியா மடிச்சோமான்னு நான் பிரிச்சுப் பாத்தா என்ன ஆகும்?"

"கசங்கும்."

"நாலு தடவை பிரிச்சுப் பாத்தா?"

அவன் ஓரமாக இருந்த சட்டையின் மடிப்பை விரலால் நீவினான்.

"நீங்க ஜெபத்தையும் அப்படித்தான் பண்றீங்க. கொண்டுபோய் அவர் கையில குடுக்கறீங்க. ஆமென் சொல்றீங்க. அடுத்த நிமிஷம் பிடுங்கிப் பிரிச்சுப் பாக்கறீங்க. அவரும்தான் என்ன செய்வார்?"

"கேட்டுக்கிட்டே இருக்கணும்னுதானே சொல்றாங்க."

"கேளுங்க. நாள் முழுக்கக் கேளுங்க. யார் வேண்டாம்னா? குடுத்ததைத் திரும்ப வாங்காதீங்க, அவ்வளவுதான் சொல்றேன்." இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "இனிமே இந்த வீட்டுல ஒரு ஆமென்தான். அதுக்கு மேல கவலை வந்தா, நன்றின்னு மட்டும் சொல்லலாம். வேற எதுக்கும் அனுமதி இல்ல."

"நன்றியா? எதுக்கு?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

"சட்டம் நல்லாயிருக்கு," என்றாள் மகள், மேசையடியிலிருந்து. அவள் அங்கே இருப்பது இருவருக்கும் தெரியாது. "சாப்பாடு சூடா இருக்கும். அப்புறம், சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க பாட்டு. சபை ஹால்ல. போன ரெண்டு தடவையும் நீங்க வரலப்பா."

அந்த மூன்று நாள் மாலையும் அவன் ஒரு ஆமென்னோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாய்தான் மூடியிருந்தது. நன்றி என்று ஒன்றைத் தேடினால், கயிறும் பிரேக்கும் முந்திக்கொண்டு வந்து நின்றன. "சாப்பாட்டுக்கு நன்றி," என்றான் முதல்நாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததால், "நாற்காலிக்கும்," என்று சேர்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரிக்கு விடியும்போதே போய்விட்டான். கயிறு பார்த்தான். பிரேக் பார்த்தான். ஐந்து மாடிக் கதவுகளையும் திறந்து மூடினான். சுவிட்சைச் சரியான பக்கம் தள்ளிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சாதாரண ஆளைப் போல உள்ளே நின்று பொத்தான் அழுத்தி மேலே போய்க் கீழே வந்தான். கட்டடப் பொறுப்பாளர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கார்டில் அவன் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டார்.

"நல்லா ஓடுமா தம்பி?"

"ஓடும்மா," என்றான்.

மூன்று மணிக்கு வெளியே வந்தான். பஸ் ஏறினான். முதல் நிறுத்தம் தாண்டியது. திருகு முடுக்க ஆரம்பித்தது. இரண்டாவது நிறுத்தத்தில் உள்ளங்கை ஜில்லிட்டது. மூன்றாவதில் இறங்கிவிட்டான். சாலையைக் கடந்து எதிர் நிறுத்தத்தில் போய் நின்றான். ஸ்டோர் நினைவுக்கு வந்தது. சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தான். ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். மறுபடி அந்தப் பக்கம் போனான்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர் ஊசியை நிறுத்தினார். "எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிட்டு நடங்க சார். அடி தேயுது. எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்றேன்."

அவன் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணை மூடவில்லை. மூடினால் கயிறு தெரியும். ஜெபத்துக்கு என்று அவன் வைத்திருந்த நல்ல தமிழ் எதுவும் வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னான், மெதுவாக, சாலையைப் பார்த்தபடியே.

"ஆண்டவரே, கயிறு பாத்துட்டேன். பிரேக் பாத்துட்டேன். கதவு அஞ்சும் பாத்துட்டேன். சுவிட்ச் சரியா இருக்கு. என் கண்ணுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாதது நிறைய இருக்கும். இப்ப திரும்பிப் போனாலும் தெரிஞ்சதையேதான் மறுபடி பாப்பேன். தெரியாதது எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அதனால நீர் வச்சுக்கும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அதையும் சேத்து வச்சுக்கும். ஆமென்."

கையெழுத்து வாங்காமல் எதையும் யாரிடமும் ஒப்படைத்துப் பழக்கமில்லாதவன். வானத்தை ஒரு தடவை பார்த்தான். அங்கிருந்து யாரும் கார்டில் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. பயமும் போய்விடவில்லை. திரும்பிப் போகும் பஸ் வந்து, கதவைத் திறந்து, அவனுக்காக ஒரு கணம் நின்றது. அவன் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். பஸ் போய்விட்டது. எழுந்து சாலையைக் கடந்தான்.

ஹாலுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கயிறு மறுபடி கண்முன்னால் வந்தது. இனி கேட்க அனுமதி இல்லை, நன்றி மட்டும்தான். "நன்றி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். எதற்கு? "லிஃப்டுக்கு," என்றான், வேறு எதுவும் தோன்றாமல்.

சொன்ன பிறகுதான் அதை நிதானமாக யோசித்தான். பதினோரு வருஷத்தில் அவன் மனசுக்குள் ஓடிய லிஃப்ட் எல்லாம் கீழே விழுந்துகொண்டே இருந்தவை. ஒன்றுகூட ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. நாளைக்கோ மறுநாளோ ஒரு பெண் நாலாம் மாடியிலிருந்து அந்த லிஃப்டில் இறங்குவாள். கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். பக்கத்தில் பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கணவன் ஒருவன் முழித்துக்கொண்டு நிற்பான். கதவு திறக்கும். வீட்டுக்குப் போவார்கள். மகள் பிறந்தபோது தான் இப்படி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் ஒரு லிஃப்டில்தான் இறங்கினார்கள். அதை யாரோ ஒரு மெக்கானிக் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்த மகானுபாவனுக்கு அவன் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அப்போதே சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். தனியாகச் சிரிக்கிற ஆளிடமிருந்து யாரும் நகரத்தான் செய்வார்கள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹாலில் நுழைந்தான். உயரமான ஜன்னல்கள், தேய்ந்த மரபெஞ்சுகள், சுருதி இறங்கிப்போன ஒரு பியானோ. மனைவி நகர்ந்து இடம் விட்டாள். கடிகாரத்தையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று பாடத் தொடங்கினார்கள். அவன் மகள் அவனைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினாள். பியானோ வாசித்த அம்மா தலையசைத்து அவளைத் திரும்பப் பாட்டுக்குள் இழுத்துப் போட்டார். பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு விசில் வந்தது. பாட்டு முடிந்து கை தட்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது, மூன்று சரணம் முழுக்க லிஃப்ட் நினைவே வரவில்லை.

திங்கட்கிழமை ஃபோர்மேன் சாப்பாட்டு நேரத்தில் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு."

அவன் கை பாதி வழியில் நின்றது. பட்டறையில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"யாரோ ஒரு குழந்தை காலுறை, கதவுத் தடத்துல மாட்டிக்கிச்சாம். அந்தம்மாவே எடுத்துப் போட்டுட்டு ஓட்டிட்டாங்க. சும்மா உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"பெரிய குழந்தையா, பிறந்த குழந்தையாண்ணே?"

"உனக்கு எதுக்குடா அதெல்லாம்?"

"சும்மா கேட்டேன்."

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து அடுத்த கட்டடத்தின் கார்டை எடுத்து அவன் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, காலுறையை எடுத்தாங்க. லிஃப்ட் போச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். "முழுசாவா?"

"ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டேன். பட்டறைப் பசங்க டப்பாவிலேருந்து."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. எதற்கு என்று தெரியாமலே மகளும் சேர்ந்துகொண்டாள். கவலை அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தது, வந்தபோதெல்லாம் அவன் ஒப்படைத்தான், சில நாள் பிடுங்கியும் பார்த்தான். ஆனால் அந்தச் சின்ன அறையில் அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் சிரித்து முடிக்கவே ஆறேமுக்கால் ஆகிவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெபம் தாமதமாகத் தொடங்கியது.